வலது பக்கத்து சீட்டு

செங்காட்டூரில், கழற்றி வைத்த விமான முன்கண்ணாடி கீழே இறங்க மாட்டேன் என்று நின்றது ஒரு வெள்ளிக்கிழமை. சாந்தாமணி தலைக்குக் குளித்து, ஈரத் துண்டை முடிந்துகொண்டு, காப்பி டம்ளரோடு கொட்டகைக்குப் போனவள், ஆள் உயரத்தில் அந்தரத்தில் நின்றுகொண்டிருந்த அந்தப் பழுப்பேறிய கண்ணாடியில் நெற்றியை இடித்து, காப்பியில் பாதியைச் சேலையில் கொட்டிக்கொண்டு, "வெச்ச சாமான் வெச்ச எடத்துல இருக்காதா இந்த வீட்டுல?" என்று கத்தினாள்.

"தரையிலதான் வெச்சேன், சாந்தா. அதுவாத்தான் எந்திரிச்சு நிக்குது" என்றார் மருதாசலம், விமானத்தின் வயிற்றுக்கு அடியிலிருந்து.

"எந்திரிச்சா உக்கார வெக்கறது."

உட்கார வைத்துப் பார்த்தாயிற்று. தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிய தேங்காய் போல, கையை எடுத்ததும் அது மறுபடி எழும்பி, பழைய உயரத்துக்கே வந்து நின்றது. பிறகு அவர் ஸ்பானரைத் தேடப் போனார், அவள் சேலை மாற்றப் போனாள்.

அந்த விமானம் மருதாசலத்தின் அப்பா வாங்கியது. குடும்பத்து நெசவு மில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், தேயிலைத் தோட்டத்தை விற்றுவிட்டுத் தன் நாட்டுக்குக் கப்பலேறிய ஒரு துரையிடமிருந்து வந்தது. தலைக்கு மேலே இறக்கை, இறக்கை மேலே இழுத்துக் கட்டி வர்ணம் பூசிய துணி, உள்ளே நாலு சீட்டு, மூக்கில் ஒரு ப்ரொப்பெல்லர். மில் மூடி, தறிகள் லாரியேறி, கணக்குப்பிள்ளைகள் கலைந்து போன பிறகும் அது மட்டும் கொட்டகையில் நின்றது. மில்லுக்குப் பின்னால் யுத்த காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் போட்டுவிட்டு மறந்து போன ஓடுபாதையில் ஊர்க்காரர்கள் மக்காச்சோளமும் மிளகாயும் கொத்தமல்லியும் காயப் போட்டார்கள். மருதாசலம் பறக்க வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லியனுப்பி, அவர்கள் பாதிப் பாதையைக் கூட்டி ஒதுக்கித் தர வேண்டும். ஆயுத பூஜைக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், ப்ரொப்பெல்லருக்குச் சந்தனம். ஊருக்கு அது மில்லுக்காரர் பிளேன். சாந்தாமணிக்கு அது மூத்தவள், தனக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்த சக்களத்தி. "மூத்தவ சாப்பிட்டாச்சா? அப்ப நீங்க வந்து சாப்பிடுங்க" என்பாள்.

மூத்தவளைக் காட்டித்தான் அவளைக் கட்டினார்கள். மலை மேலே கான்வென்டில் தலையில் புத்தகம் வைத்து நடக்கவும், யாரிடமும் எதற்கும் கை நீட்டாமல் இருக்கவும் கற்றுக்கொண்டு வந்த பெண், வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் மூக்கைச் சுளித்து அனுப்பிவிட்டு இவருக்குத் தலையாட்டியதற்குக் காரணம் இவருடைய மூக்கு அல்ல. பெண் பார்க்க வந்த அன்றைக்கு, பஜ்ஜித் தட்டைப் பார்த்தபடி, "கல்யாணம் முடிஞ்சதும் வலது பக்கத்து சீட்டுல உக்கார வெச்சு ஊரையே சுத்திக் காட்டறேனுங்க" என்று சொன்னார். கல்யாணம் முடிந்தது. வலது பக்கத்து சீட்டின் ஆணி தேய்ந்திருந்தது. ஆணி மாற்றினால் தரைத் தகட்டில் துரு. துருவைச் சுரண்டினால் கேபிளில் பிசிறு. அதற்குள் மகள் பிறந்தாள், வளர்ந்தாள், படித்தாள், கல்யாணமாகி, எல்லாரும் போகிற சாதாரண விமானத்தில், ஒரு ஆணியையும் யாரும் சோதிக்காமல், வெளிநாட்டுக்கே போய்விட்டாள். சாந்தாமணி ஒரு முறைகூட மேலே போகவில்லை. மருதாசலம் மட்டும் அவ்வப்போது 'டெஸ்ட்' என்று தனியாக ஏறுவார், மலைக்கோயிலுக்குப் போய் வந்தவர் முகத்தோடு இறங்குவார், "ஒரு சின்ன சத்தம் கேட்டுது, சாந்தா. அதப் பாத்துட்டு அடுத்த வாட்டி நீ" என்பார்.

அவள் மேலே போய்ப் பார்க்க நினைத்தது மலையையோ அணையையோ அல்ல. தன் வீட்டை. மாமனார் கட்டிய, ஒரு மூலையில் பெருக்கி முடிப்பதற்குள் மறு மூலையில் தூசி படிகிற, பித்தளைப் பூண் போட்ட கதவுகளும் யாரும் படுக்காத கட்டில்களும் நிறைந்த அந்த மாடி வீட்டை, ஒரே ஒரு தடவை தீப்பெட்டி அளவுக்குப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அதற்குமேல் அது இருந்தாலும் சரி, இடிந்தாலும் சரி.

பொங்கல் கழிந்ததும் ஓடுபாதையைத் தோண்டி நாலுவழிச் சாலை போடப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தபோது மருதாசலம் இரண்டு நாள் கொட்டகையிலேயே படுத்துக் கிடந்தார். மூன்றாம் நாள், "கடைசியா ஒரு தடவை புத்தம் புதுசா பறக்கட்டும். இந்தத் தடவை நீயும் வர்றே" என்றார். பெங்களூரிலிருந்து லைசென்ஸ் உள்ள இன்ஜினீயர் ஃபிலோமின்ராஜை வரவழைத்தார். ஃபிலோமின்ராஜ் நன்றாகச் சாப்பிடுவார், எதையும் தட்டிப் பார்ப்பார், கையெழுத்துப் போடுவார்.

முதலில், அந்த வெள்ளிக்கிழமை, முன்கண்ணாடி. கண்ணாடியைக் கழற்றினால் சட்டத்தில் துரு. சட்டத்தைக் கழற்றியதும், "கையோட கையா இந்த டயலையெல்லாம் மாத்திரலாமுங்களா?" என்றார் ஃபிலோமின்ராஜ். முள் ஆடுகிற வட்ட வட்டக் கருவிகள் போய், பளபளவென்று ஒரு திரை வந்தது. திரைக்கு ஒயர் இழுக்கப் போனால் பழைய ஒயரை எலி தின்றிருந்தது. கையோடு கையாக ஒயர். கையோடு கையாக ரேடியோ. கையோடு கையாக சீட்டு, பெல்ட், பெட்ரோல் டாங்க், சக்கரம், இறக்கைத் துணி, ப்ரொப்பெல்லர், கடைசியில் என்ஜினும். இந்த ஒரு வார்த்தையால் குட்டிச்சுவரான வீடுகளைச் சாந்தாமணி நிறையப் பார்த்திருக்கிறாள். குளியலறைக் குழாயை மாற்றப் போய் மாடியை இடித்தவர்கள் அவள் சொந்தத்திலேயே உண்டு.

கழற்றியது எதுவும் தரையில் நிற்கவில்லை. பழைய என்ஜின் கொட்டகைக் கூரையில் முட்டிக்கொண்டு நின்றது. ரேடியோ இடுப்பளவில். சக்கரங்கள் முழங்கால் அளவில், நாய்க்குட்டிகள் போல யாராவது நடந்தால் காற்றுக்குக் கூடவே நகர்ந்தன. கொட்டகையில் நடக்க இடமில்லாமல் போனதும் மருதாசலம், பழையதைக் கேட்டவருக்குக் கொடுத்துவிடும் தன் அப்பாவின் வழக்கப்படி, ஊரைக் கூப்பிட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

ஊர் எடுத்துக்கொண்டது. மாவு மில் முத்தாயம்மாள், முழங்கால் தேய்ந்து ஒரு வருசமாக வாசல் தாண்டாதவள், இடது பக்கத்து சீட்டை வாங்கி அதில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, கையில் ஒரு மூங்கில் குச்சியால் தரையைத் தள்ளித் தள்ளிச் சந்தைக்குப் போய் வந்தாள், போகிற வழியில் தன்னிடம் கடன் வாங்கியவர்கள் வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பந்தல்கார வையாபுரி இறக்கைத் துணியை வாங்கி, கம்பமே இல்லாத பந்தல் போட்டான். காற்றில் போய்விடாதபடி நாலு மூலையிலும் கயிறு கட்டி ஆளைப் பிடிக்க வைத்தால் போதும், முன்னூறு பேர் சாப்பிடலாம். ராவுத்தர் டீக்கடைக்கு மேலே ப்ரொப்பெல்லர் கரண்டில்லாமல் மெல்லச் சுற்றியது. ரேஷன் கடை வரிசைக்கு முன்கண்ணாடி நிழல் தந்தது, மஞ்சள் நிழல், எல்லாருக்கும் காமாலை வந்தது போல. சக்கரத்தின் மேல் குடத்தை வைத்து ஒற்றை விரலால் தள்ளிக்கொண்டு பெண்கள் தண்ணீர் கொண்டு போனார்கள். பெட்ரோல் டாங்க்கைக் கழுவி சத்துணவுக் கூடத்துக்கு மேல்நிலைத் தொட்டியாக்க, சாம்பாரில் ஒரு மாசம் வாசம் அடித்தது. பிள்ளைகள் பழைய நட்டு போல்ட்டுகளைப் புத்தகப் பையில் போட்டுக்கொண்டு கனம் தெரியாமல் பள்ளிக்கூடம் போனார்கள்.

மாரியம்மன் கோயில் பூசாரி மட்டும், அம்மனுக்கு மேலே எதுவும் நிற்கக் கூடாது என்றார். நியாயம்தான் என்று பஞ்சாயத்தில் தீர்மானமாயிற்று. எல்லாவற்றையும் கயிறு போட்டுக் கொடிமரத்து உயரத்துக்குக் கீழே இழுத்துக் கட்டினார்கள். மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து, ப்ரொப்பெல்லருக்கு அடியில் உட்கார்ந்து டீ குடித்து, இது எந்த இலாகாவில் வரும் என்று நாலு பேருக்கு போன் போட்டுக் கேட்டு, எதிலும் வராது என்று தெரிந்ததும் நிம்மதியாகத் திரும்பிப் போனார்.

வலது பக்கத்து சீட்டை மட்டும் சாந்தாமணி யாருக்கும் விடவில்லை. "அது எனக்குப் பேசின சீட்டு" என்று சொல்லி, சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போய், அதில் உட்கார்ந்து காய் நறுக்கினாள். கால் தரையில் படாது. ஒரு வகையில் பறந்த மாதிரிதான் என்று ராவுத்தர் மனைவி சொன்னபோது, "இட்லிக் குண்டானுக்குப் பக்கத்துல பறக்கறதுக்கா நான் கழுத்த நீட்டினேன்?" என்றாள்.

பொங்கலுக்கு இரண்டு வாரம் இருக்கையில் வேலை முடிந்தது. ஊரே சோளத்தைக் கூட்டி ஒதுக்கிவிட்டு ஓரமாக நின்றது. புது வர்ணத்தில், புது சக்கரத்தில், தேனீ போலச் சீராக முழங்கிய என்ஜினோடு மூத்தவள் ஓடுபாதையில் ஓடினாள். ஓடினாள், ஓடினாள், பாதை முடிகிற இடத்து வேப்பமரத்தடிவரை ஓடி, நின்று, திரும்பி வந்தாள். காற்றுத் திசை சரியில்லை என்றார் மருதாசலம். மறுநாளும் ஓடினாள். பெட்ரோல் கனம் என்று பாதியை இறக்கினார்கள். ஓடினாள். சக்கரம் தரையைவிட்டு ஒரு விரல்கடைகூட எழும்பவில்லை.

"பேப்பர்ல எல்லாம் கரெக்டா இருக்கு, மேடம்" என்றார் ஃபிலோமின்ராஜ், மூன்றாவது தோசையைப் பிய்த்துக்கொண்டே.

"அப்ப பேப்பர் மேல ஏறிப் போங்க."

"எல்லாமே புதுசு. ஒரு குறை இல்ல."

"பறந்ததையெல்லாம் ஊருக்கு வாரிக் குடுத்தாச்சு. மிச்சம் இருக்கறது நல்ல கார்" என்றாள் சாந்தாமணி. தோசை வார்க்கிற கரண்டி ஒரு நொடி நின்று, மறுபடி வட்டம் போட்டது. அவளுக்கு வருத்தம் என்று யாரும் சொல்ல முடியாது. தோசை மட்டும் கொஞ்சம் தீய்ந்திருந்தது.

மருதாசலம் சட்டையை மாட்டிக்கொண்டு, கொடுத்ததைத் திருப்பிக் கேட்க ஊருக்குள் போனார். பரிசாகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் செங்காட்டூரில் இல்லை.

"உங்கப்பா இருந்தா இப்படிக் கேப்பாருங்களா?" என்றாள் முத்தாயம்மாள், சீட்டின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு. "உங்க பிளேன் எந்திரிக்கோணும்னா நான் உக்காரோணுமா?"

வையாபுரி, தை முழுக்க முகூர்த்தம் இருக்குதுங்க என்றான். ராவுத்தர் டீ கொடுத்தார், ப்ரொப்பெல்லர் கொடுக்கவில்லை. ரேஷன் கடை வரிசை அவரைப் பார்த்ததும் கண்ணாடிக் கயிற்றை இன்னொரு முடிச்சுப் போட்டது. அவர் திரும்பி வந்து, கல்யாணமான நாள் முதல் காலெடுத்து வைக்காத சமையலறை வாசலில் நின்றார்.

"இந்த ஒரு சீட்டு போதும்னு தோணுது, சாந்தா. இதை மாட்டினா ஒரு ஆள் கனத்தைத் தூக்கிரும்."

"ஒரு ஆள்னா?"

"மொதல்ல நான் மட்டும் ஒரு டெஸ்ட்டு..."

சாந்தாமணி அரிவாள்மணையை மடக்கினாள். "நகருங்க" என்றாள், "எனக்கு வேலை இருக்குது."

அவளுக்கு இருந்த வேலை அவள் வாழ்க்கையில் செய்யாதது. செங்காட்டூரில் வீட்டுக்கு வீடு இரவல் நடக்கும். சல்லடை, பெரிய அண்டா, தேங்காய்த் துருவி, நல்ல பட்டுச் சேலைகூட. இரவல் கேட்டவருக்கு இல்லை என்று சொல்வது வழக்கமில்லை. வாங்கியதை வெறும் பாத்திரமாகத் திருப்புவதும் வழக்கமில்லை, ஒரு கைப்பிடி அவரையாவது உள்ளே இருக்க வேண்டும். மில்லுக்காரர் வீட்டிலிருந்து ஊர் எவ்வளவோ இரவல் வாங்கியிருக்கிறது. மில்லுக்காரம்மாள் மட்டும் எந்த வீட்டுப் படியும் ஏறிக் கை நீட்டியதில்லை. கன்னியாஸ்திரீகள் சொல்லிக்கொடுத்தது பாதி, மாடி வீட்டுத் திமிர் மீதி. உப்புத் தீர்ந்த அன்றைக்கு உப்பில்லாமலே சமைத்தவள்.

பொங்கல் காப்புக்கட்டுக்கு முந்தின நாள் அவள் முத்தாயம்மாள் வீட்டுப் படியேறினாள். "அந்த சீட்டு ஒரு நாளைக்கு இரவல் வேணுமுங்க, அக்கா" என்றாள்.

முத்தாயம்மாள் அந்தரத்தில் உட்கார்ந்தபடி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மில்லுக்காரம்மா இரவல் கேக்கறாங்கடீ!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். தெருவே கேட்டது. "என்ன வேணும்னு இன்னொருக்கா சொல்லுங்க கண்ணு, காது சரியாக் கேக்கல."

"கேட்டுது உங்களுக்கு."

"கேட்டுது. ஆனா நல்லாருந்துச்சு." முத்தாயம்மாள் மருமகள் தோளைப் பிடித்துக் கட்டிலுக்கு இறங்கினாள். "உக்காந்து ஒரு வாய் காப்பி குடிச்சாத்தான் குடுப்பேன். எப்பத் திருப்புவீங்க?"

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள."

"வெறுஞ்சீட்டா வராதில்ல?"

"பாக்கறேன்" என்றாள் சாந்தாமணி, சிக்கரி நிறைந்த அந்தக் காப்பியை முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு. அன்றைக்கு அவள் எல்லார் வீட்டிலும் காப்பி குடித்தாள், எல்லார் வாயிலும் விழுந்தாள். வையாபுரி துணியை மடித்துக் கொடுத்து, "அக்காவுக்கு இல்லாததா? மாமன் கேட்டாருன்னுதான் முறுக்கிக்கிட்டேன்" என்றான். ராவுத்தர் மனைவி கடைக்காரரைக் கேட்காமலே கயிற்றை அவிழ்த்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பையைக் கவிழ்த்து நட்டுகளைக் கொட்டின. அவற்றைத் தலைக்கு மேலிருந்து பொறுக்க வேண்டியிருந்தது.

காப்புக்கட்டு அன்று காலை, வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்துக் கட்டிய கொத்தை வீட்டுக் கூரையில் செருகிய கையோடு, மூத்தவளின் வாலிலும் ஒன்றைச் செருகிவிட்டு, பெண்கள் எல்லாரும் சேர்ந்து இரவல் சாமானைப் பின்பக்கம் ஏற்றினார்கள். பொருத்தவெல்லாம் நேரமில்லை. கல்யாண வீட்டுக்குப் போகிற வேனில் சீர் ஏற்றுவது போல, துணியை மடித்து அடியில், சக்கரங்களை அதன் மேல், ப்ரொப்பெல்லரைக் குறுக்கே. பழைய என்ஜினை மட்டும் கயிறு போட்டு வயிற்றுக்கடியில் கட்டினார்கள், அது கட்டிய இடத்திலேயே விமானத்தை லேசாக முட்டியது. ஃபிலோமின்ராஜ் சாமானை எடை பார்க்கத் தராசு கொண்டு வந்தார். முள் எதிர்ப்பக்கம் போனது. அவர் தராசை மடித்து வைத்துவிட்டு, பூளைப்பூ இந்தப் பக்கம் எங்கே விளைகிறது என்று விசாரித்தபடி வேறு திசையில் நடந்தார்.

வலது பக்கத்தில் புது சீட்டைக் கழற்றி, பழைய சீட்டை மாட்டியாயிற்று. மருதாசலம் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். சாந்தாமணி சேலைக் கொசுவத்தை இடுப்பில் செருகினாள்.

"ஒரு சுத்து நான் மட்டும் டெஸ்ட் பண்ணிட்டு வந்தர்றேன். எதாச்சும் ஒண்ணு ஆனா..."

"இந்தச் சாமான் யாருக்கு இரவல் குடுத்தது?"

அவர் திரும்பிப் பின்பக்கத்துச் சாமானைப் பார்த்தார்.

"உங்களுக்கா குடுத்தாங்க? வாங்கினவ இல்லாம இரவல் சாமான் ஊரு சுத்துமா? நான் பதில் சொல்லோணுமில்ல?"

ஓரத்தில் கட்டிலோடு தூக்கி வந்து வைக்கப்பட்டிருந்த முத்தாயம்மாள், "அப்படிக் கேளு கண்ணு!" என்றாள்.

அவர் குனிந்து வலது பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். பெல்ட் எப்படிப் போடுவது என்று சொல்ல வாயெடுத்தார். அவள் போட்டு முடித்திருந்தாள், சமையலறையில் தினமும் போட்டுப் பார்த்தவள்.

சோளக் குவியல்கள் பின்னால் ஓடின, ஆட்கள் ஓடினார்கள், மில் புகைபோக்கி ஓடியது, வேப்பமரம் வந்தது, வந்தது, அப்புறம் கீழே போயிற்று. அவ்வளவுதான். பின்னாலிருந்த சக்கரங்கள் மட்டும் வீட்டுக்கு வந்த ஆடுகள் போல ஒன்றோடொன்று உரசிக்கொண்டன.

"சின்னதா ஒரு சத்தம் கேக்குது இல்ல?" என்றார் மருதாசலம்.

"கேக்கல."

வீட்டை அவளால் உடனே கண்டுபிடிக்க முடியவில்லை. அவர்தான் இறக்கையைச் சாய்த்துக் காட்டினார். தீப்பெட்டிதான். நனைந்து காய்ந்த, ஒரு பக்கம் உரசித் தேய்ந்த தீப்பெட்டி. பின்கட்டில் அவள் காலையில் பிழிந்து போட்ட சேலை ஒரு நீல நூலாகக் கிடந்தது. அதையா இத்தனை வருசம் துடைத்தோம் என்று பார்த்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்திருந்தாள்; வரவில்லை. "சரி, பாத்தாச்சு" என்றாள். ஆனால் உடனே திரும்பச் சொல்லவில்லை. முன்னால் குனிந்து, ஒவ்வொரு கூரையாக, ஒவ்வொரு கிணறாக, சந்தையில் விலை பேசுகிறவள் போலக் கறாராகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவர் திரையில் பெட்ரோல் அளவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், இன்னொரு சுற்றுப் போனார்.

மத்தியானத்துக்குள் எல்லாச் சாமானும் அவரவர் வீடு போய்ச் சேர்ந்தது, ஒன்றும் வெறுமையாகப் போகவில்லை. "உங்க மாவு மில்லுக் கூரையில மேக்கு மூலையில ரெண்டு ஓடு ஒடைஞ்சிருக்குது, மழைக்கு முன்னாடி மாத்துங்க" என்று சீட்டோடு முத்தாயம்மாளிடம் சேர்த்தாள். வையாபுரியின் காணாமல் போன கிடாய் அணை மேட்டில் அடுத்த ஊர்க்காரன் ஆடுகளோடு மேய்கிறது. ராவுத்தர் வீட்டு மொட்டை மாடியில், அவர் மனைவி ரம்ஜானிலிருந்து தேடுகிற வெள்ளிக் கிண்ணம். தண்ணீர்க்காரப் பெண்களுக்கு, யாரும் போகாத கருவேலங்காட்டுக்குள் வானத்தைக் காட்டிக்கொண்டிருந்த ஒரு பழைய கிணறு. ஊர் அதையெல்லாம் வாங்கி, உதறிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டது.

பொங்கல் கழிந்து சாலைக்காரர்கள் வந்து ஓடுபாதையைத் தோண்டினார்கள். புத்தம் புது மூத்தவள் கொட்டகையில் நல்ல காராக நின்றாள். மருதாசலம் துடைத்தார், இரண்டு முறை துடைத்தார், துடைக்க ஒன்றும் இல்லாமல் போனதும் சமையலறை வாசலுக்கு வந்தார். சாந்தாமணி அவளுடைய சீட்டில், கால் தரையில் படாமல், சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்ச நேரம் நான் உக்காந்துக்கட்டுமா?"

"இரவலா?"

"இரவல்தான்."

அவள் இறங்கி, சீட்டை அவர் பக்கம் தள்ளினாள். "திருப்பறப்ப வெறுஞ்சீட்டாத் திருப்பக் கூடாது. தெரியுமில்ல?"

அவர் ஏறி உட்கார்ந்தார். சீட்டு லேசாகத் தாழ்ந்து, மறுபடி நிமிர்ந்தது. என்ன செய்வது என்று கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு வெங்காயக் கூடையை எட்டி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றை எடுத்து, எந்தப் பக்கம் கிள்ளுவது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாலுப் பக்கம்" என்றாள் சாந்தாமணி, வெளியே போய்க்கொண்டே.